மிட்டாய் அபிஷேகம்

1963-ல் ஜார்ஜ் ஹாரிசனுக்கு வயது இருபது. அந்த வயதில் ஒருவன் வாயைத் திறந்து என்ன வேண்டுமானாலும் உளறலாம். அரசியல் பேசலாம், காதலைப் பற்றித் தத்துவம் உதிர்க்கலாம், மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஜார்ஜ் அப்படி எதுவும் சொல்லவில்லை. தனக்கு ஜெல்லி பேபி பிடிக்கும் என்று சொன்னார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரும் பீட்டில்ஸ் இசைக்குழுவின் மற்ற மூன்று பேரும் மூன்று கண்டங்களில் மூஞ்சியில் அடி வாங்கினார்கள்.

ஜெல்லி பேபியைப் பார்க்காதவர்களுக்கு: கட்டைவிரல் நுனி அளவில், குழந்தை வடிவில், ஜெலட்டினும் சர்க்கரையும் சேர்த்து வார்த்து மேலே மாவு தூவிய மிட்டாய். கன்னத்தைக் கிள்ளினால் அமுங்கும். முதலில் தலையைக் கடிப்பதா, காலைக் கடிப்பதா என்பதில் இங்கிலாந்துப் பிள்ளைகளிடம் இரண்டு கட்சி உண்டு. ஷெஃபீல்டு நகரத்து பாசெட் கம்பெனி இதை 1918-ல், முதல் உலகப் போர் முடிந்த சந்தோஷத்தில், 'பீஸ் பேபீஸ்' என்ற பெயரில் விற்றது. சமாதானக் குழந்தைகள். நாலு வருஷம் பதுங்குகுழியில் கிடந்து சுட்டுக்கொண்ட ஒரு தேசம், சமாதானம் வந்ததும் அதைக் குழந்தையாக வார்த்துத் தலையைக் கடித்துத் தின்றது. இந்தப் படிமத்தை ஒரு நவீன கவிஞர் கையில் கொடுத்தால் நாற்பது பக்கம் எழுதிவிடுவார். நமக்கு வேலை இருக்கிறது. இரண்டாம் போரில் உற்பத்தி நின்றது. 1953-ல் 'ஜெல்லி பேபி' என்ற பெயரில் மறுபிறவி.

1953 என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். பிரிட்டனில் 1942 முதல் மிட்டாய்க்கு ரேஷன். கூப்பன் இருந்தால்தான் கடைக்காரர் ஜாடியைத் திறப்பார். போர் முடிந்தும் விடவில்லை. 1949-ல் ஒருமுறை கட்டுப்பாட்டை நீக்கிப் பார்த்தார்கள். ஜனங்கள் கடைகளை வழித்து நக்கிவிட்டதால் நாலே மாதத்தில் மறுபடி கூப்பன். 1953 பிப்ரவரியில்தான் ஒருவழியாக விமோசனம். ஜார்ஜ் பிறந்தது 1943 பிப்ரவரியில். பல் முளைத்ததிலிருந்து பத்தாவது பிறந்தநாள் வரைக்கும் அந்தப் பையன் மிட்டாயை எண்ணித்தான் தின்றிருக்கிறான். அப்படி வளர்ந்தவன் 'எனக்கு இன்ன மிட்டாய் பிடிக்கும்' என்று சொன்னால் அது சும்மா சொன்னதாக இருக்காது. ஆழ்மனத்து ஏக்கம். ஏக்கத்தையெல்லாம் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதற்கு முன்னால் இந்தக் கோஷ்டிக்குப் பரிசே வந்ததில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1960-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில், சிவப்பு விளக்குத் தெருவில், விடிய விடிய வாசித்துப் பிழைத்த காலத்திலேயே மேடைக்குப் பரிசு வரும். பீர். தட்டுத் தட்டாக, சில ராத்திரி பெட்டி பெட்டியாக. அனுப்புகிறவர்கள் அந்த வட்டாரத்து தாதாக்கள். குடிக்காமல் தவிர்ப்பது உடம்புக்கு ஆகாது; உங்கள் உடம்புக்கு. ஜார்ஜுக்கு அப்போது பதினேழு வயது. ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அங்கே இருக்கவே சட்டப்படி உரிமை கிடையாது. போலீஸ் அதைக் கண்டுபிடித்து அந்த நவம்பரில் ஊருக்கு அனுப்பிவைத்தது. ஜெர்மனி கொடுத்த பரிசுகளில் ரயிலேற்றியதும் ஒன்று.

ஊர் திரும்பினால் லிவர்பூல். மேத்யூ தெருவில் கேவர்ன் என்ற நிலவறை. பழைய கிடங்கு, காற்று கிடையாது, சுவரிலிருந்து வேர்வை வழியும். மத்தியான இடைவேளையில் டைப்பிஸ்ட் பெண்களும் கடைச் சிப்பந்திகளும் சாண்ட்விச்சோடு வந்து உட்கார்ந்து கேட்பார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதனால்தான் 1962 ஆகஸ்டில் டிரம்மர் பீட் பெஸ்ட்டைக் கழற்றிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தபோது ஊரே கொதித்தது. பீட் அழகன், ரிங்கோவுக்கு மூக்குதான் முதலில் வரும், ஆள் பிறகு வருவார். ரசிகர்களில் ஒருவர் தன் அபிப்பிராயத்தை ஜார்ஜின் கண்ணில் பதிவு செய்தார். செப்டம்பரில் லண்டனில் முதல் இசைத்தட்டு ஒலிப்பதிவின்போது எடுத்த புகைப்படங்களில் அந்தக் கருத்த கண்ணை இன்றும் பார்க்கலாம். ரிங்கோவைச் சேர்த்ததற்கு ஜார்ஜுக்கு ஏன் குத்து என்று கேட்டால், இந்த வரலாறு முழுக்கவே அப்படித்தான். யார் என்ன செய்தாலும் அடி ஜார்ஜுக்கு.

சரி, மிட்டாய்க்கு வருவோம். 1963-ல் பீட்டில்ஸ் திடீரென்று பிரிட்டன் முழுவதற்கும் சொந்தமாகிவிட்டார்கள். கேவர்னில் கையெட்டும் தூரத்தில் இருந்தவர்கள் இப்போது பெரிய தியேட்டர் மேடையில், நடுவே போலீஸ் வரிசை. பின்வாசலில் காவல். கடிதம் எழுதினால் கடிதங்களின் கடலில் அதுவும் ஒரு துளி. ஒரு பதினைந்து வயதுப் பெண் என்னதான் செய்வாள்? பையிலிருந்து ஜெல்லி பேபியை எடுப்பாள், கையை ஓங்குவாள். யோசித்துப் பார்த்தால் அதைவிட நம்பகமான தபால் முறை கிடையாது. தபால்தலை வேண்டாம், இடைத்தரகர் இல்லை, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகப் பெறுநர் 'ஆ' என்று கத்துவார். அந்த 'ஆ' தனக்கென்று பிரத்யேகமாகச் சொல்லப்பட்டது என்று அவள் ஆயுசுக்கும் நம்பலாம்.

அவளும் ரேஷன் காலத்தில் பிறந்தவள்தான். தன் பங்கு மிட்டாயைத் தின்னாமல் தூக்கி எறிகிற அளவுக்கு ஒருத்தி போகிறாள் என்றால் அதன் பெயர் தியாகம். பிரச்சினை என்னவென்றால் ஒரு தியாகம் இனிக்கும். இரண்டாயிரம் தியாகங்கள் ஒரே நேரத்தில் மேலிருந்து இறங்கினால் கொஞ்சம் வலிக்கும். காலடியில் மிதிபட்டு மேடை பிசுபிசுக்கும். கிதார் கம்பிகளில் ஒட்டும். ரிங்கோவாவது டிரம்முக்குப் பின்னால் ஒளியலாம். மற்ற மூவரும் மைக் முன்னால், இரண்டு கையும் கிதாரில், இலக்காக நிற்க வேண்டும். நம் ஊர் முதல்நாள் முதல்காட்சியில் திரையைப் பார்த்துச் சில்லறை எறிவார்கள். திரைக்கு வலிக்காது, கதாநாயகன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். இங்கே கதாநாயகன் நேரில் நிற்கிறார்.

ஜார்ஜ் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு ரசிகைக்குத் தன் கைப்பட பதில் எழுதினார். இப்போது தங்களுக்கு ஜெல்லி பேபியும் பிடிப்பதில்லை, மற்ற மிட்டாயும் பிடிப்பதில்லை, எறிவதற்கு முன்னால் மேடையில் நின்று தப்பித்துத் தப்பித்து விலகுகிற எங்கள் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள், நீங்களே அதைத் தின்றுவிட்டால் என்ன என்று கேட்டிருந்தார். ஒருமுறை கடின மிட்டாய் ஒன்று கண்ணில் பட்டதையும் அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பதையும் குறிப்பிட்டிருந்தார். கண் விஷயத்தில் ஜார்ஜுக்கு ராசி இல்லை என்பதை முன்பே பார்த்தோம். அந்தக் கடிதம் பல வருஷம் கழித்து ஏலத்துக்கு வந்து நல்ல விலைக்குப் போனது. எறியாதே என்று எழுதிய காகிதம், எறிந்த மிட்டாயையெல்லாம் சேர்த்து வாங்கக்கூடிய விலைக்கு.

ஒரு கடிதம் ஒரு பெண்ணைத்தான் தடுக்கும். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு பீட்டில்ஸ் தங்கள் ரசிகர் மன்றத்துக்காக ஒரு விசேஷ இசைத்தட்டு வெளியிட்டார்கள். மெல்லிய பிளாஸ்டிக் தட்டு, விலைக்குக் கிடையாது, உறுப்பினர்களுக்குத் தபாலில் இலவசம். அதற்குப் பிறகு 1969 வரை ஒவ்வொரு டிசம்பரும் ஒன்று அனுப்பினார்கள். நன்றிக்கடனில் குறை வைக்கவில்லை. அந்த முதல் தட்டில் பால் மெக்கார்ட்னி வாயைத் திறந்தார். நாலு பேரில் சாமர்த்தியமானவர், பேச்சில் தேன் தடவுகிறவர், யார் மனமும் கோணாமல் காரியத்தை முடிக்கிறவர் என்று பெயர் எடுத்தவர். ஜெல்லி பேபி எங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதைப் பத்திரிகையில் சொல்லியும் தொலைத்தோம், அன்றிலிருந்து பொட்டலமாகவும் பெட்டியாகவும் வந்துகொண்டே இருக்கிறது, இப்போது அலுத்துவிட்டது என்று அழகாக விளக்கினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஆனால் பெப்பர்மின்ட் கிரீம், சாக்லேட் டிராப்ஸ், டாலி மிக்ஸ்சர் எல்லாம் இன்னமும் பிடிக்கும் என்று ஒரு பட்டியல் படித்தார்.

இதற்குப் பெயர் தீயை அணைக்கப் போனவன் அடுத்த வீட்டு முகவரி கொடுத்துவிட்டு வந்தது. நம் ஊரில் ஒரு சித்தி வீட்டுக்குப் போய், 'சித்தி, இந்த மணத்தக்காளி வத்தக்குழம்பு பிரமாதம்' என்று ஒரு தடவை சொன்னவன் அனுபவித்திருப்பான். அடுத்த இருபது வருஷத்துக்கு அந்த வீட்டு வாசலை மிதித்தால் வத்தக்குழம்புதான். போதும் சித்தி, வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லிப் பார்க்கலாம். 'அப்போ மோர்க்குழம்பு பிடிக்குமா?' என்று கேட்பார்கள். அங்கே வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவன் பிழைப்பான். பாலுக்குச் சித்தி இல்லை போலும்.

ஜான் லெனன் அந்த நவம்பரில் இன்னொரு தப்பு செய்திருப்பார், நல்லவேளையாகத் தப்பித்தார். அரச குடும்பம் வந்திருந்த ராயல் வெரைட்டி நிகழ்ச்சியில், மலிவு டிக்கெட்காரர்கள் கை தட்டுங்கள், மற்றவர்கள் உங்கள் நகைகளைக் குலுக்கினால் போதும் என்று அறிவித்தார். ராணி எலிசபெத்தின் தாயார் மேலே அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். சீமாட்டிகள் நகையைக் குலுக்கியதோடு சரி, கழற்றி எறியவில்லை. மலிவு டிக்கெட்காரர்களுக்குத்தான் எறிகிற மனசு.

எறிவது ஒரு பக்கம் என்றால் தபால் இன்னொரு பக்கம். ரசிகர் மன்றச் செயலாளராக ஃப்ரீடா கெல்லி என்ற லிவர்பூல் பெண் இருந்தார். கேவர்னில் வாடிக்கையாகப் பாட்டுக் கேட்க வந்துகொண்டிருந்த டைப்பிஸ்ட். மேனேஜர் பிரையன் எப்ஸ்டைன் வேலைக்கு எடுத்தபோது அவருக்குப் பதினேழு வயது. மன்றத்துக்கு முகவரி வேண்டுமே என்று கள்ளமில்லாமல் தன் வீட்டு முகவரியைக் கொடுத்துவைத்தார். முதலில் நாலைந்து கடிதம் வந்தது. பிறகு நூறு வந்தது. பிறகு தபால்காரர் மூட்டையைக் கொண்டுவந்து இறக்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வர வேண்டிய பில் எந்த மூட்டையில் இருக்கிறது என்று தெரியாமல் அப்பா கத்தினார். உலக இசை வரலாற்றில் பீட்டில்ஸ் மேல் முதன்முதலில் முழு நியாயத்தோடு எரிச்சல்பட்ட மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

ஃப்ரீடாவின் நேர்மையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு பெண் தலையணை உறை ஒன்றை அனுப்பியிருந்தாள். ரிங்கோ இதில் ஒரு ராத்திரி படுத்துத் தூங்க வேண்டும், பிறகு திருப்பி அனுப்ப வேண்டும். நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தால் உறையைக் கசக்கி, இரண்டு நாள் மேஜைமேல் போட்டு, அனுப்பிவிடுவோம். யாருக்குத் தெரியப்போகிறது? ஃப்ரீடா அதை எடுத்துக்கொண்டு ரிங்கோவின் அம்மா எல்ஸியிடம் போனார். உங்கள் பிள்ளை இதில்தான் இன்றைக்குப் படுக்கணும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒப்படைத்தார். எல்ஸியும் பார்த்துக்கொண்டார். ரிங்கோ தூங்கினார். உறை திரும்பிப் போனது. பல அரசாங்க அலுவலகங்களில் இப்படிக் கோப்பு நகர்ந்ததாக எனக்குத் தெரியாது.

முடி கேட்கிறவர்களும் இருந்தார்கள். ஃப்ரீடா முடி வெட்டுகிற கடைக்கே போய், தரையில் கிடந்ததைக் கூட்டி அள்ளி, உண்மையான பீட்டில் முடியை அனுப்பிவைத்தார். உதவிக்கு இருந்த பெண்கள் வேறு யாருடைய முடியையோ கலந்து அனுப்புவது ஒருநாள் தெரியவந்தபோது வேலையிலிருந்து நீக்கிவிட்டார். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் பெர்லினில் வாசித்தபோதும் இதே கதைதான். சீமாட்டிகள் அவருடைய கைக்குட்டைக்கும் கையுறைக்கும் அடித்துக்கொண்டார்கள். அந்தப் பித்துக்குக் கவிஞர் ஹைனே 1844-லேயே 'லிஸ்டோமேனியா' என்று பெயர் வைத்துவிட்டார். முடி கேட்டவர்களுக்கு லிஸ்ட் தன் நாயின் முடியை வெட்டி அனுப்பினார் என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, அவரிடம் ஃப்ரீடா இல்லை.

வீடுகளில் பெற்றோர்களும் சும்மா இருக்கவில்லை. ஜார்ஜின் அம்மா லூயீஸ், பிள்ளைக்கு வந்த கடிதங்களுக்கு ராத்திரி கண்விழித்துப் பதில் எழுதுவார். ஜானை வளர்த்த பெரியம்மா மிமி மட்டும் வேறு ரகம். வாசலில் கூட்டம் தாங்க முடியாமல் 1965-ல் லிவர்பூலையே விட்டு, தெற்குக் கடற்கரையில் பூல் என்ற ஊரில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். 1964 பிப்ரவரி 25-ல் ஜார்ஜுக்கு இருபத்தொரு வயது நிறைந்தது. வாழ்த்து அட்டைகள் ஐம்பது சாக்குப் பைகளுக்கு மேல் வந்தன. ஜார்ஜ் அன்றைக்குக் குறிப்பாக மிட்டாயைப் பற்றி எதுவும் பேசவில்லை. பேசுகிற நிலையிலும் இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் அமெரிக்காவில் பட்டிருந்தார்.

அமெரிக்கா விஷயம் தனி. பிப்ரவரி 7-ல் நியூயார்க்கில் இறங்கினார்கள். விமான நிலையத்தில் மூவாயிரம் பேர். ஒன்பதாம் தேதி எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சி. 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். பதினொன்றாம் தேதி வாஷிங்டனில் முதல் கச்சேரி. பனிப்புயல் என்பதால் ரயிலில் போனார்கள். இதற்குள் ஏதோ ஒரு பத்திரிகைக்காரர், ஜார்ஜின் ஜெல்லி பேபியை ஜான் தின்றுவிட்டார் என்ற பழைய வேடிக்கைப் பேச்சைத் தூசி தட்டி எடுத்து அச்சில் ஏற்றிவிட்டார். அமெரிக்கப் பெண்களும் படித்தார்கள். மனசு உருகியது. கடைக்கு ஓடினார்கள். அங்கே ஒரு சிக்கல். அமெரிக்காவில் ஜெல்லி பேபி கிடையாது.

ஜெல்லி பீன் உண்டு.

பெயரில் பாதி ஒன்று. பொருளில் சம்பந்தமே இல்லை. ஜெல்லி பீன் என்பது அவரைக்கொட்டை வடிவம். உள்ளே மெத்தென்று ஒரு கரு, அதைச் சுழலும் பாத்திரத்தில் போட்டு, சர்க்கரைப் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, காய வைத்து, மறுபடி ஊற்றி, அடுக்கடுக்காக ஓடு ஏற்றுவார்கள். நம் சீரக மிட்டாய்க்கும் இதே தொழில்நுட்பம்தான். சீரகத்தின்மேல் ஏற்றினால் மிட்டாய். அவரைக்கொட்டை அளவில் ஏற்றினால் வெடிமருந்து இல்லாத தோட்டா. இங்கிலாந்தில் சமாதானக் குழந்தை என்று பிறந்த பொருள் அட்லாண்டிக்கைத் தாண்டியதும் ஆயுதமாகிவிட்டது.

அடுத்த சிக்கல் மேடை. வாஷிங்டன் கொலிசியத்தில் குத்துச்சண்டை நடக்கிற மாதிரி மேடை நட்டநடுவில். நாலு பக்கமும் ஜனம், எட்டாயிரத்துச் சொச்சம் பேர். இங்கிலாந்து தியேட்டர்களில் மிட்டாய் முன்பக்கத்திலிருந்து மட்டும் வரும்; முதுகாவது பத்திரமாக இருந்தது. இங்கே எட்டுத் திக்கும் திறந்திருந்தது. எல்லாப் பக்கத்து ரசிகர்களுக்கும் முகம் காட்ட வேண்டும் என்பதால் சில பாட்டுக்கு ஒருமுறை ஆம்ப்ளிஃபயர், மைக், ஆள் எல்லாம் திரும்ப வேண்டும். ரிங்கோவின் டிரம் செட்டுக்குச் சுழல் மேடை போட்டிருந்தார்கள். அது சிக்கிக்கொண்டது. உதவியாளர் மால் எவன்ஸ் வந்து முக்கித் தள்ள, உலகப் புகழ்பெற்ற டிரம்மர், நகர மறுக்கிற தேரின் உற்சவமூர்த்தி மாதிரி உட்கார்ந்திருந்தார். படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், பார்க்கலாம்.

இப்படித் திரும்பித் திரும்பி நின்றதில் அடி எல்லாப் பக்கமும் சமமாக விழுந்தது. ஜனநாயக நாடு அல்லவா. ஜெல்லி பீன் தோட்டா மாதிரி வந்து அடித்தது என்று ஜார்ஜ் பிறகு நொந்துபோய்ச் சொன்னார். அதே அரங்கில் காவலுக்கு நின்ற ஒரு போலீஸ்காரர், பெண்களின் கூச்சல் தாங்காமல், தன் இடுப்பு வாரிலிருந்து இரண்டு தோட்டாக்களை எடுத்துக் காதுக்கு ஒன்றாக அடைத்துக்கொண்டு நின்றார். அந்த ராத்திரி வாஷிங்டனில் மிட்டாய் தோட்டாவின் வேலையைச் செய்தது; தோட்டா பஞ்சின் வேலையைச் செய்தது. இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் இவ்வளவு பொருத்தமாக வைக்கக் கூச்சப்பட்டிருப்பேன்.

கச்சேரி முடிந்து பிரிட்டிஷ் தூதரகத்தில் விருந்து. இங்கே எறிகிறவர்கள் யாரும் இல்லை. எல்லோரும் நாகரிகமானவர்கள், கோட்டும் கவுனும் போட்டவர்கள். அவர்களில் ஒருவர் பின்னால் வந்து ரிங்கோவின் தலையில் ஒரு கொத்து முடியை வெட்டிக்கொண்டார். கேவர்ன் பெண்கள் முடி வேண்டுமென்றால் ஃப்ரீடாவுக்குக் கடிதம் எழுதி, காத்திருந்து, நன்றியும் சொல்வார்கள். மேல்தட்டு மக்கள் கத்திரிக்கோலோடு வருகிறார்கள். ஜெல்லி பீனே மேல் என்று அந்த ராத்திரி ரிங்கோவுக்குத் தோன்றியிருக்கலாம்.

கொடுப்பது குறைந்து எடுப்பது கூடிய காலம் அப்போதிலிருந்துதான். 1964 செப்டம்பரில் கேன்சஸ் சிட்டியில் பாடினார்கள். அரைமணிக் கச்சேரி, கூப்பிட்டவர் கொடுத்தது 1,50,000 டாலர். அவர்கள் படுத்த ஓட்டல் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் சிகாகோவைச் சேர்ந்த இரண்டு பேர் துவைக்காமல் விலைக்கு வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டி, துண்டு ஒரு டாலர் என்று விற்கக் கிளம்பினார்கள். துவைத்திருந்தால் வெறும் துணி, அழுக்கில்தான் விலை. அந்த டிசம்பரில் ரிங்கோ லண்டனில் தொண்டைச் சதையை அறுத்து எடுக்க மருத்துவமனையில் சேர்ந்தார். அந்தச் சதை எங்களுக்குக் கிடைக்குமா என்று ரசிகர்கள் எழுதிக் கேட்டார்கள். கொளுத்திவிடுவோம் என்று பதில் வந்தது. ஃப்ரீடாவிடம் விட்டிருந்தால் எப்படியும் ஒரு வழி கண்டுபிடித்து, சீல் வைத்து, சரியான ஆளுக்குச் சேர்த்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அதே 1964 ஜூனில் ஆஸ்திரேலியாவிலும் மிட்டாய் மழை. பிரிஸ்பேனில் மட்டும் சிலர் முட்டையும் தக்காளியும் எறிந்தார்கள். அது அன்பினால் அல்ல, வேண்டாதவர்கள் செய்தது. ஆனால் வாங்குகிறவனின் பார்வையில் யோசியுங்கள். எதிரி எறிந்த முட்டை உடைந்து வழிகிறது, துடைத்தால் போயிற்று. அன்பர் எறிந்த ஜெல்லி பீன் பட்ட இடம் வீங்குகிறது.

அரசாங்கமும் தன் பங்குக்கு 1965-ல் எம்.பி.இ. பதக்கம் கொடுத்தது. பாட்டுக்காரப் பையன்களுக்குக் கொடுத்த பதக்கம் எங்களுக்கு வேண்டாம் என்று சில பழைய வீரர்கள் தங்கள் பதக்கங்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஜான் தன் பதக்கத்தைப் பெரியம்மா மிமியிடம் கொடுக்க, அவர் டி.வி. பெட்டிமேல் வைத்து அழகு பார்த்தார். 1969 நவம்பரில் ஜானுக்குத் திடீரென்று அறச்சீற்றம். பதக்கத்தைப் பெரியம்மாவிடமிருந்து வாங்கி ராணிக்கே திருப்பி அனுப்பினார். கூட வைத்த கடிதத்தில் பியாஃப்ரா போர், வியட்நாம் போர், தன்னுடைய புதுப் பாட்டு விற்பனைப் பட்டியலில் கீழே இறங்குவது ஆகிய மூன்று காரணங்களைச் சொல்லியிருந்தார். மூன்றாவது காரணத்துக்கு ராணி என்ன செய்ய முடியும் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

எறிகிற கலையின் கடைசிக் கட்டம் 1966. கிறிஸ்தவ மதத்தைப் பற்றி ஜான் சொன்ன ஒரு வாசகம் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பற்றிக்கொண்டது. வாங்கிய இசைத்தட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். ஆகஸ்ட் 19, மெம்பிஸ். கொலை மிரட்டல் வந்திருந்த ஊர். கச்சேரி நடுவே கூட்டத்திலிருந்து யாரோ ஒரு பட்டாசைக் கொளுத்தி எறிந்தார். 'டமார்'. பாட்டு நிற்கவில்லை. ஆனால் நாலு பேரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். யார் விழப்போகிறார் என்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாவு தூவிய குழந்தைப் பொம்மையில் ஆரம்பித்தது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். பத்து நாள் கழித்து சான் பிரான்சிஸ்கோவில், பேஸ்பால் மைதானத்தின் நடுவே, கம்பி வேலிக்குள் நின்று கடைசியாகப் பாடினார்கள். அதற்குப் பிறகு டிக்கெட் வைத்து மேடை ஏறவே இல்லை. ஸ்டுடியோவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கதவுக்கு வெளியே ரசிகைகள் உட்கார்ந்தார்கள். லண்டனில் அபே ரோடு ஸ்டுடியோ வாசலிலும் பீட்டில்ஸின் ஆப்பிள் கம்பெனி அலுவலகப் படிக்கட்டிலும் மழை, குளிர் பார்க்காமல் காத்துக்கிடந்த அந்தப் பெண்களுக்கு 'ஆப்பிள் ஸ்க்ரஃப்ஸ்' என்று பெயர். ஆப்பிள் பரதேசிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் சிலர் ஒருநாள் ஏணி வைத்து, குளியலறை ஜன்னல் வழியாக, பால் மெக்கார்ட்னியின் வீட்டுக்குள் இறங்கினார்கள். சில படங்களும் பாலின் பேண்ட் ஒன்றும் வெளியேறின. பேண்ட்டைப் பெண்கள் முறை வைத்துப் போட்டுக்கொண்டார்களாம். பால் போலீஸைக் கூப்பிடவில்லை. ஒரு புகைப்படத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று மற்றப் பெண்களிடம் சொல்லி அனுப்பினார். அந்த ஜன்னலை வைத்து ஒரு பாட்டும் எழுதி 1969-ல் இசைத்தட்டில் சேர்த்துவிட்டார். திருட்டுப்போன பேண்ட்டுக்கு இதைவிட நல்ல நஷ்டஈடு யாருக்கும் கிடைத்ததில்லை.

ஜார்ஜ் வேறு விதம். கருத்த கண், கடின மிட்டாய், ஜெல்லி பீன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட மனிதர். 1970-ல் தன் தனி ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தபோது அந்தப் படிக்கட்டுப் பெண்களை ஒருநாள் உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொல்லி ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். பாட்டின் பெயரே 'ஆப்பிள் ஸ்க்ரஃப்ஸ்'. அவர்களைப் பற்றி, அவர்களுக்காக எழுதியது. அறையில் ஒருத்தியும் எதையும் எறியவில்லை.

ரசிகர் மன்றம் 1972-ல் மூடப்பட்டது. ஆனால் தபால் நிற்பதாக இல்லை. ஜானும் போய், ஜார்ஜும் போய், கையெழுத்துக் கேட்டு வந்த மூட்டைகள் ரிங்கோ தலையில் விழுந்துகொண்டே இருந்தன. 2008 அக்டோபரில், அறுபத்தெட்டு வயதில், கறுப்புக் கண்ணாடியோடு கேமரா முன் வந்து ரிங்கோ ஒரு அறிவிப்புச் செய்தார். இந்த மாதம் இருபதாம் தேதிக்கு மேல் எதையும் அனுப்பாதீர்கள். அனுப்பினால் குப்பையில் போடுவேன். எனக்கு வேலை இருக்கிறது. முகத்தில் துளிச் சிரிப்பு இல்லை. ஒவ்வொரு மிரட்டலுக்கும் நடுவே இரண்டு விரலை உயர்த்தி, சமாதானம், அன்பு, சமாதானம், அன்பு என்று வாழ்த்திக்கொண்டே இருந்தார்.